திருப்புக்கல் வேலி

பதினேழாவது குழியில் லெட்சுமணன் அலவாங்கைக் கீழே போட்டான்.

கல்லில் இரும்புக் கடப்பாரை விழுந்த சத்தம் பனிமூட்டத்துக்குள் போய், எங்கோ முட்டி, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. பகல் பதினொரு மணி. பத்து முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"இந்த எடத்துல நான் தோண்டலீங்க நானா."

கம்பிச் சுருளின் பக்கத்தில் குந்தியிருந்த றஹீம் நிமிர்ந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் நானா, அண்ணன். "என்னத்துக்கு? பாற மாட்டினதா?"

"பாறன்னா நெருப்பு வச்சு வெடிக்க விட்ருவேன். இது வழிங்க."

"வழி எண்டு எனக்கும் தெரியும். வழிய அடைக்கத்தானே வேலி போடுற."

"மனுசன் மட்டும் போற வழின்னா அடைங்க. யாரு வேணாங்கிறா."

சொல்லிவிட்டு லெட்சுமணன் பனிக்குள் பார்த்தான். அவன் பார்த்த திசையில்தான் அந்தத் தட்டைக்கல் இருந்தது.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் ரோட்டை ஒட்டி, ஒரு வளைவின் கீழே கிடந்தது அந்த இரண்டு ஏக்கர். அதை வாங்கியபோது ஊரே சிரித்தது. மண்ணைவிடக் கல் கூட. றஹீம் அப்போது பலாபத்வலவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். எழுபத்து நாலில் கடை படுத்துவிட்டது. கூப்பன் அரிசி பாதியாகிவிட்டது. கோதுமை மா மருந்துக்கும் இல்லை. மாத்தளை டவுனில் ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு ஆட்கள் கோழி கூவமுன் வரிசையில் நின்றார்கள். றஹீம் மனைவி ஸுபைதாவையும் அலவாங்கையும் கூட்டிக்கொண்டு கல்லுக்கு நடுவில் கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளி நட்டார். கல்லுக்குக் கல் ஒரு மரம்.

நோன்புக்கு இன்னும் இரண்டு மாதம். மகள் மஸீஹா தலைப்பிரசவத்துக்கு வந்து எட்டு மாத வயிற்றோடு, தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருந்தாள். நோன்பு முடியும்வரை அந்த வீட்டுக்குச் சோறு அந்த மரவள்ளிதான். வேறு வழி கிடையாது.

அதைத்தான் யாரோ களவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி கடைசியில் தொடங்கியது. இரண்டு நாளைக்கு ஒரு மரம். ஒன்றுக்கு மேல் போவதில்லை. கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு, தண்டை முறித்து, ஒரு சாண் குச்சியை அதே குழியில் திரும்ப நட்டு, மண்ணைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

களவெடுக்கிறவன் திரும்ப நடுவானா?

அதுவும் தலைகீழாக?

மரவள்ளிக் குச்சியில் கணுவுக்குக் கணு கண் இருக்கும். கண் மேலே பார்க்க நட வேண்டும். அந்தப் பக்கத்தில் மண்ணைத் தொட்ட எந்தப் பெரிய ஆளுக்கும் இது தெரியும். ஆனால் திரும்ப நட்ட குச்சி ஒவ்வொன்றிலும் கண் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நம்மளப் பார்த்து நக்கல் பண்றான்" என்றார் றஹீம். அவர் சந்தேகம் காத்தாயி மேல்தான். கீழே தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துப் பொம்பிளை. தினமும் வந்து தோட்டத்து நடுவில் இருக்கும் தட்டைக்கல்லில் உட்கார்ந்திருப்பாள். விரட்டினால் போவாள். மறுநாள் வருவாள்.

காத்தாயி, லெட்சுமணனின் கூடப் பிறந்த தங்கச்சி.

லயத்திலும் அடுப்பு எரியவில்லை. அதனால்தான் அண்ணன்காரன், தங்கச்சியைத் தடுக்கிற வேலியைப் போட வந்திருந்தான். கூலி, நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் வீட்டுக்கு ஒரு கட்டுக் கிழங்கும்.

*

ஸுபைதா அவித்த மரவள்ளியைக் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு கொண்டுவந்து கல்லின்மேல் வைத்தாள். மூவரும் பனிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லெட்சுமணன் ஒவ்வொரு துண்டையும் மெதுவாக, யாரோ பறித்துவிடுவார்கள் என்பதுபோலக் கையால் மறைத்துத் தின்றான்.

"குளிருதுங்க ராத்தா. பிளேன்டீயில ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டா நல்லா இருக்கும்" என்றான், அக்காள் முறையில் ஸுபைதாவைப் பார்த்து.

"மரவள்ளி திண்ட வாய்க்கு இஞ்சியா? நஞ்சு மனுசா! ஒன்ன மவுத்தாக்கிப் போட்டா இந்த வேலிய ஆரு முடிக்கிற? இவரா? இவர் ஆணி அடிச்சா விரலுக்குத்தான் அடிப்பார்."

"அதாங்க நானும் பாத்தேன். மூணு விரல்ல துணி சுத்தியிருக்கு."

றஹீம் துணி சுற்றிய விரல்களை மடக்கிக்கொண்டார். "சிரிச்சது போதும். பதினேழாவது குழி என்னா கத, செல்லு."

லெட்சுமணன் கையை வேட்டியில் துடைத்தான்.

"லயத்துல ஆளு செத்தா மேல பொதைக்கிற காட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம். கீழ இருந்து மேல போக இந்த ஒரு வழிதான். பாதித் தூரம் வந்ததும் அந்தத் தட்டக்கல்லுல பாடைய எறக்குவோம். எறக்கி, தலமாடு கால்மாட்ட மாத்தித் திருப்பித் தூக்குவோம். எங்க பாட்டன் காலத்துல இருந்து அது திருப்புக்கல்லுங்க."

"என்னத்துக்குத் திருப்புற?" ஸுபைதா கேட்டாள்.

"செத்தது வீட்டுக்குத் திரும்பி வந்துரக் கூடாதுல்ல ராத்தா. திருப்பிட்டா அதுக்குத் தெச தெரியாமப் போயிரும். வந்தாலும் கல்லு வரைக்குந்தான் வரும். அங்க நின்னு பாக்கும். அப்பறம் மேல போயிரும்."

"போகாட்டி?"

"போயிரும் ராத்தா. வழி தொறந்து இருந்தாப் போயிரும்."

கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு மூவரும் பிளேன்டீயைக் குடித்தார்கள்.

"கடசியா ஆரக் கொண்டு வந்தீங்க?" என்று ஸுபைதா கேட்டாள்.

"எங்க தங்கச்சி புள்ளைய. அஞ்சலைன்னு பேரு. ஆறு வயசு. வைகாசியில, பசியோட பேதியும் சேந்துக்கிட்டுதுங்க. பாட கட்டல. ஒரு பலகையில வச்சு நான் ஒருத்தனே தூக்கிட்டு வந்தேன். தப்பு அடிக்கிறவனுக்கும் எந்திரிக்க முடியல. சத்தமே இல்லாம வந்தோம்." அவன் கல்லிருந்த பக்கம் கையைக் காட்டினான். "இங்கதாங்க திருப்புனேன். தப்பு சத்தம் கேக்காததால அவளுக்குத் தான் செத்ததே தெரியலேன்னு எங்க தங்கச்சி சொல்லுது. அதான் மகளப் பாக்க வந்து வந்து ஒக்காந்துக்குது."

றஹீமின் கையிலிருந்த கோப்பை நழுவிக் கல்லில் விழுந்தது. மிச்சத் தேத்தண்ணி மண்ணில் ஊற்றுப்பட்டது.

"வழிக்கு கேட் போட்டுத் தாறன்" என்றார் அவர் அவசரமாக. "கீழ ஒண்டு, மேல ஒண்டு. மய்யத்து வந்தா தொறந்து விடுவன். போதுமா? எழும்பு. வேல ஈக்குது."

*

பன்னிரண்டு நாள் வேலை.

அந்தத் தோட்டத்தில் குழி என்பது மண்ணில் வெட்டுவதல்ல, கல்லிடம் கெஞ்சி வாங்குவது. ஒரு சாண் போனால் கல். சின்னக் கல் என்றால் அலவாங்கால் நெம்பி எடுக்கலாம். பெரிய கல் என்றால் மேலே விறகை அடுக்கி நெருப்பு வைத்து, கல் சிவக்கக் காய்ந்ததும் ஓடைத் தண்ணீரை ஒரே வாளியாக ஊற்ற வேண்டும். துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம் வரும். கல் இரண்டாகும். கிடைத்த குழியில் பச்சைக் கிளிசிரிடியா மரக்கம்பை இறக்கி, சுற்றிலும் உடைந்த கல்லை இறுக்கி, அலவாங்கின் மொட்டை முனையால் குத்திக் குத்தி அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு ஐந்து வரிசை முள்ளுக்கம்பி.

வேலி முடிந்தபோது நாய் நுழைய வழியில்லை. கேட்டுகளைக் கித்துள் பலகையில் லெட்சுமணனே செய்தான். ஆள் உயரம். இரும்புப் பிணைச்சல். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆமைப்பூட்டு. சாவி இரண்டும் றஹீமின் இடுப்பு வாரில்.

கடைசி நாள் றஹீம் ரத்தோட்டைப் பள்ளிவாசலில் ஓதும் யாகூப் லெப்பையைக் கூட்டிவந்தார். வளவைச் சுற்றிக் காவல் கட்ட வேண்டும். அது அங்கத்தைய வழக்கம். ஆறங்குல ஆணி நான்குக்கு ஓதி ஊதி, நான்கு மூலையிலும் அடித்துவிட்டால் களவும் கண்ணூறும் வேறெதுவும் உள்ளே வராது. லெப்பை வாய்க்குள் ஓதிக்கொண்டே பனிக்குள் மூலை மூலையாகப் போனார். கிணுங், கிணுங் என்று ஆணி இறங்கும் சத்தம் மட்டும் வந்தது.

கீழ்க் கேட்டருகே லெட்சுமணன் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"நானா, ஒண்ணு கேக்கவா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு."

"வெளிய உள்ளது உள்ள வராது. சரிங்க. உள்ள உள்ளது?"

லெப்பை ஓதுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள என்னா ஈக்குது?" என்றார் றஹீம். "மரவள்ளிதான் ஈக்குது!"

"இல்லீங்க, வேலிய மூடுறதுக்கு முன்ன நாங்க உள்ள நின்னு மூணு வாட்டிக் கூப்புடுவோம். யாரு இருந்தாலும் வெளிய வந்துருன்னு. ஆடுமாடா இருக்கட்டும், பாம்பா இருக்கட்டும். நான் ஒரு சத்தம் போட்டுட்டு வந்துர்றேனே. ரெண்டே நிமிசம்."

"லெப்ப ஓதி முடிக்கிற நேரத்துல நீ கூச்சல் போடப் போறியா? வா வெளிய."

"நானா..."

"வேணாம் எண்டு செல்றன்ல?"

குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. லெட்சுமணன் வெளியே வந்தான். றஹீம் கேட்டைச் சாத்தி, கொண்டியை மாட்டி, பூட்டை அழுத்தினார். நாலாவது ஆணியின் கடைசி அடியும் அதே நேரத்தில் விழுந்தது.

லெட்சுமணன் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் கிழங்குக் கட்டை எடுத்துக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கிப் போனான்.

*

மறுநாள் காலை றஹீம் உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து ஸுபைதா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னா?"

"ஒரு மரம்."

"பூட்டு?"

"பூட்டு பூட்டினபடி. கம்பியில ஒரு முள்ளுக்கூட வளையல்ல."

"குச்சி?"

"தலைகீழா."

அடுத்த நாள் இன்னொன்று. அதற்கடுத்த நாளும். முன்பு இரண்டு நாளைக்கு ஒன்று போனது, இப்போது தினமும் போனது. றஹீம் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கம்பாக ஆட்டிப் பார்த்தார். நட்ட கம்புகள் துளிர்விடத் தொடங்கியிருந்தன. நான்காம் நாளிலிருந்து அவர் உள்ளே போவதையே விட்டுவிட்டார். வெளியே நின்று பலகை இடுக்கால் பார்ப்பதோடு சரி. காத்தாயியும் கண்ணில் படவில்லை. அது அவருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது.

ஏழாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம். மஸீஹா குசினி அடுப்படி யன்னலில் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அந்தப் புள்ள ஆருட?"

"எந்தப் புள்ள?"

"கல்லுல ஈக்கிற. முதுகக் காட்டிட்டு."

ஸுபைதா ஓடி வந்து பார்த்தாள். வெள்ளைப் பனி. ஒன்றுமில்லை.

"நேத்தும் ஈந்தது" என்றாள் மஸீஹா சாதாரணமாக. "கைய மண்ணுல துடைக்கும். பிறகு எழும்பிக் கீழ்க் கேட்டுப் பக்கம் போகும். திரும்ப வந்து குந்தும். பாவம், பசியாக்கும். கூப்பிட்டா திரும்பிப் பார்க்குதில்ல."

ஸுபைதா யன்னலைச் சாத்தினாள். மகளை உள் அறையில் படுக்க வைத்தாள். பிறகு தொழுதுவிட்டு எழும்பிய கணவனின் முன்னால் வந்து நின்றாள்.

"மஸீஹாட வாப்பா, ஒரு கேள்வி. நேராச் செல்லுங்க. அந்த அஞ்சலப் புள்ள எண்டு அவன் செல்லக்குள்ள ஒங்கட கையில ஈந்த கோப்ப ஏன் விழுந்த?"

றஹீம் பாயைச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"சித்திரையில ஒரு நாள். நீ டவுனுக்குப் போயிருந்த. ஒரு குட்டிப் புள்ள. சட்டைய ஏந்திப் பிடிச்சு அதுக்குள்ள ஒரு கெழங்கு. கேட்டன், எங்க எடுத்த எண்டு. பேச்சில்ல."

"அடிச்சீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா அடிக்கல்ல. கெழங்க வாங்கிக்கொண்டன். அவ்வளவுதான். அழக்கூட இல்ல அது. என்னப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து போயிற்று. வைகாசியில அவன் பலகையில தூக்கிட்டு வரக்குள்ள நான் மேல நிண்டு பார்த்தன். முகம் தெறந்து ஈந்தது. அதே புள்ள."

"வாங்கின கெழங்க என்ன செஞ்சீங்க?"

"ஒன்ட கையிலதான் தந்தன்."

ஸுபைதா கையை உயர்த்தினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சில் வைத்தாள். "நான்... அத அவிச்சு..."

"ஓம். திண்டோம்."

வெளியே ஓடை இரைந்தது. ஸுபைதாவுக்கு வேறொரு நினைப்பு வந்தது.

"ஒரு கிழமையா அந்தக் காத்தாயியக் காணல்ல."

"ஓம்."

"தெனம் வந்து குந்துறவ. அண்டைக்கும் பனி. லெட்சுமணன் கூப்பிடக் கேட்டான், நீங்க விடல்ல. உள்ள குந்திக்கொண்டு ஈந்தாளோ? அவளும் சின்ன உருவந்தானே! நாம ஒரு பொம்புளய வச்சுப் பூட்டிட்டமோ?"

றஹீமின் கை இடுப்பு வாருக்குப் போனது. சாவியை உருவினார். பேய் என்று பயந்ததைவிட இது பெரிய பயம்.

*

கீழ்க் கேட் உள்பக்கமாகத் திறந்தது. பலகையைச் சுவரோடு சாய்ப்பதுபோல வேலியில் சாய்த்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். றஹீம் முன்னால். ஸுபைதா அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால்.

"காத்தாயி! ஏ காத்தாயி!"

ஏழு நாளைக்கு முன்னால் லெட்சுமணனைக் கூப்பிட விடாதவர் இப்போது தொண்டை கிழியக் கூப்பிட்டார். பனி சத்தத்தைத் தின்றது. திருப்புக்கல் வந்தது. கல்லின்மேல் யாருமில்லை. கல்லுக்குப் பின்னால் இல்லை. பாறை இடுக்குகளில் குனிந்து கையைவிட்டுத் தேடினார்கள். மேல்கேட் வரை போனார்கள். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் கல்லின் நடுவில் ஒரு சின்ன வட்டம் உலர்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் பனி பட்டு ஈரம். யாரோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழும்பிப் போனதுபோல.

ஸுபைதா உள்ளங்கையை விரித்து அந்த வட்டத்தின்மேல் பிடித்துப் பார்த்தாள். ஒரு கைக்கு மேல் கொஞ்சம். பெரிய ஆள் உட்காரும் இடமல்ல.

"போவம்" என்றாள். "மெதுவாப் போவம். ஓடப்படாது."

கீழ்க் கேட்டுக்குத் திரும்பி வந்து றஹீம் பலகையை இழுத்தார். அப்போதுதான் அதைக் கண்டார். பலகைக்குப் பின்னால், வேலியடியில், கிழங்குகள். தோண்டிய மண் ஒட்டியபடி. ஒன்றிலும் பல் படவில்லை. கத்தி படவில்லை. கையெட்டும் தூரம்வரை கம்பிக்கு அடியில் தள்ளித் தள்ளிப் பார்த்து, முள்ளில் கீறுப்பட்டு, முடியாமல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது.

ஏழு நாளைய கிழங்கு.

"நானா."

இருவரும் அலறிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே லெட்சுமணன். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பளிக்குள் சுருண்டபடி, காத்தாயி.

"அடி பாவி, நீ உசுரோடயா ஈக்கிற!" என்று ஸுபைதா கத்தினாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"ஒரு வாரமா காச்சலுங்க" என்றான் லெட்சுமணன். "எந்திரிக்கவே இல்ல. இன்னிக்கு எந்திரிச்சதும் இங்கதான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. என்ன செய்ய? கேட் தொறந்திருந்துச்சு."

காத்தாயி யாரையும் பார்க்கவில்லை. கிழங்கு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கனதான் நின்னு போச்சா" என்றாள் மெல்ல.

"என்னா?" றஹீம் கேட்டார்.

"வைகாசியில இருந்து எங்க லயத்துக் காம்பரா வாசல்ல கெழங்கு கெடக்குமுங்க. ரெண்டு நாளைக்கு ஒண்ணு. விடியக்குள்ள பாத்தா இருக்கும். யாரோ புண்ணியவான் வைக்கிறாருன்னு நெனச்சேன். ஒங்களத்தான் நெனச்சேங்க, நானா. புள்ள செத்தது தெரிஞ்சு அனுப்புறீங்களாக்கும்னு. கல்லுல வந்து ஒக்காரக்குள்ள கும்புட்டுட்டுப் போவேன், ஒங்க வீட்டுப் பக்கம் பாத்து. நீங்க வெரட்டுவீங்க, அது வேற." அவள் மூச்சு வாங்கினாள். "வேலி அடைச்ச நாள்ல இருந்து வரல."

றஹீம் கேட்டைப் பழையபடி விரித்துப் பிடித்தார்.

காத்தாயி உள்ளே வந்தாள். பக்கத்துக் குழியில் புதிதாக நட்டிருந்த குச்சியின் முன்னால் குந்தினாள். விரலால் கணுவைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. எல்லாரும் அழுவாள் என்று நினைத்தார்கள். அவள் கோபப்பட்டாள். தாய் கோபப்படுவதுபோலவே.

"எத்தன வாட்டிடி சொல்லியிருக்கேன்! கண்ணு மேல பாக்கணும், கண்ணு மேல பாக்கணும்னு! கெழங்க எடுத்தா குச்சிய நட்டுட்டு வரணும்னு மட்டும் மண்டையில ஏறுச்சு. எப்புடி நடணுங்கிறது ஏறல. லயத்துப் பின்னாடி நாலு குச்சி நடச் சொன்னா நாலையும் இப்புடித்தான் கவுத்து நட்டு வைப்பா!"

லெட்சுமணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். ஸுபைதா றஹீமைப் பார்த்தாள். றஹீம் மண்ணைப் பார்த்தார்.

காத்தாயி குச்சியைப் பிடுங்கித் திருப்பி, கண் மேலே பார்க்க நட்டாள். "இங்க பாரு. இப்புடி. பாத்துக்கிட்டியா?" யாரிடம் சொல்கிறாள் என்று எவரும் கேட்கவில்லை.

"மேல் கேட்டையும் தொறங்க நானா" என்றான் லெட்சுமணன்.

றஹீம் நடந்தார். இந்த முறை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மேல்கேட்டைத் திறந்து விரித்தார். மேல் மூலைக்குப் போய், வேலியடியில் கிடந்த அலவாங்கின் நுனியைக் கொடுத்து, லெப்பை அடித்த ஆணியை நெம்பினார். கல்லிடுக்கில் இறுகியிருந்தது. முழங்கையில் தோல் போனது. விடாமல் நெம்பிப் பிடுங்கினார்.

"லெப்ப கேட்டா?" என்றாள் ஸுபைதா.

"நான் செல்லிக்கொள்றன்."

காத்தாயி திருப்புக்கல்லைத் தாண்டி மேல்கேட் வரை வந்தாள். வழியின் நடுவில் நின்றவள், ஒடுங்கிய பாதையில் எதிரே வருகிறவருக்கு இடம் விடுவதுபோல, ஓரமாக ஒதுங்கினாள்.

"அம்மாவுக்குப் போதும்டி. வயிறு நெறஞ்சிருச்சு. இனிமே தூக்கிட்டு அலையாத. மாமன் திருப்பிக் காட்டுனாருல்ல, அந்தப் பக்கமே போ."

காற்றில்லை. கேட் அசையவில்லை. பனி மட்டும் இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். கேட்டடியில் கிடந்த கிழங்குகளை ஸுபைதா ஒன்று விடாமல் பொறுக்கி, மண்ணோடு மண்ணாக அவள் சேலையில் கட்டிவிட்டாள். றஹீம் லயத்து வாசல் வரை கூடப் போனார். திரும்பும்போது, "சித்திரையில ஒரு நாள்..." என்று தொடங்கினார்.

"தெரியும் நானா" என்றாள் காத்தாயி. "அன்னிக்கே புள்ள வந்து சொன்னுச்சு. அந்தத் தாத்தா அடிக்கலம்மான்னு சொன்னுச்சு."

*

மறுநாள் விடிந்து வெயில் வந்தபின்தான் றஹீம் தோட்டத்துக்குள் போனார். பல நாளைக்குப் பிறகு பனி விலகி, மேலே ரிவர்ஸ்டன் மலை முழுசாகத் தெரிந்தது. இரண்டு கேட்டும் திறந்தபடி கிடந்தன. அதன்பின் அந்தக் கேட்டுகளுக்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை. வருகிறவர்கள் வந்தார்கள், கேட்டவர்களுக்கு ஸுபைதா தோண்டிக் கொடுத்தாள். மரவள்ளி நோன்பு பத்தோடு தீர்ந்தது. மிச்ச நாளைக்கு அந்த வீட்டில் எதைத் தின்றார்கள் என்பது வேறு கதை.

அன்று காலை அவர் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போனார். கீழே ஒன்றும் குறையவில்லை. கல்லைச் சுற்றி ஒன்றும் குறையவில்லை.

மேல்கேட்டை ஒட்டி, பாதையோரம், ஒரு மரம் போயிருந்தது.

கிழங்கைச் சுற்றுமுற்றும் தேடினார். இல்லை. வழிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். குழி மூடியிருந்தது. மண்ணைத் தட்டிய இடத்தில் அடையாளம் பட்டும் படாமலும் இருந்தது.

றஹீம் குந்தினார். நட்டிருந்த குச்சியைத் தொடப் பயந்து, முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

கண் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.